வெள்ளிக்கிழமை வயிற்றுவலி

தெற்கு லண்டனில் ஒரு தொடக்கப் பள்ளியில் வகுப்பு உதவியாளராக இருந்தேன். வெள்ளிதோறும் நான்காம் வகுப்புப் பிள்ளைகளை நீச்சல் குளத்துக்கு அழைத்துப் போவதும் என் வேலை. அவர்களில் ஒரு சிறுமிக்கு வியாழன் வரை ஒரு குறையும் இருக்காது, வெள்ளியன்று மட்டும் வயிறு வலிக்கும். வலிக்காத வாரத்தில் நீச்சலுடையை வீட்டில் மறந்துவிட்டு வருவாள். குளத்தோரம் என் பக்கத்தில் உட்கார்ந்து, மற்றவர்கள் நீந்துவதைக் கண்கொட்டாமல் பார்ப்பாள். அப்படிப் பார்த்தவளைப் பற்றித்தான் பதிவேட்டில் 'ஆர்வமில்லை' என்று எழுதினேன்.

ஒரு மாலை, அழைத்துப்போக வந்த தாயிடம் சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டேன். நைஜீரியாவிலிருந்து வந்தவர், முதியோர் இல்லத்தில் இரவுப் பணி. "ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்ந்து பின்னிவிடுகிறேன், மிஸ். நீங்கள் பத்து நிமிடத்தில் துவட்டி பஸ் ஏற்றிவிடுவீர்கள். அப்புறம் அந்தத் தலையை யார் பார்ப்பது?" என்றார்.

எனக்கும் சுருட்டை முடிதான். தேங்காயெண்ணெய் தடவி இழுத்துப் பின்னினால் அடங்கிவிடும். அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று இருந்தேன். ஆனால் கம்பிச்சுருள் போன்ற முடியில் தலையின் எண்ணெய்ப் பசை நுனி வரை இறங்காது. இருக்கும் பசையையும் குளோரின் எடுத்துவிடும். அப்படியே உலரவிட்டால் சுருங்கிச் சிக்காகும். கண்டிஷனர் தடவி, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து பொறுமையாகச் சிக்கெடுக்க வேண்டும். முப்பது பிள்ளைகளுக்கு ஒரே முடி உலர்த்தி உள்ள அறையில் இதற்கு எங்கே நேரம்? பள்ளி கொடுத்த தொப்பியோ அவள் பின்னல்கள்மேல் நிற்காமல், அளவு தப்பிய மூடிபோலத் தெறித்துவிடும்.

பெரிய முடிக்கென்றே சோல் கேப் என்ற தொப்பி உண்டு. 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்குக்கு முன் உலக நீச்சல் கூட்டமைப்பு அதை ஏற்கவில்லை. தலையின் இயற்கை வடிவத்தோடு ஒட்டவில்லையாம். யாருடைய தலை? ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்காக நீந்திய முதல் கறுப்பினப் பெண்ணாக ஆலிஸ் டியரிங் களமிறங்கியதும் அங்கேதான். 2022-இல் தொப்பிக்கு அனுமதி கிடைத்தது.

கறுப்பினப் பிள்ளைகள் குளத்தை விட்டு விலகி நிற்க முடி மட்டும்தான் காரணம் என்று சொல்லமாட்டேன். கட்டணம் இருக்கிறது, பெற்றோர் நீந்தக் கற்காதது இருக்கிறது. 'அவர்களுக்கு எலும்பு கனம், மிதக்காது' என்ற பழைய அபத்தத்தை ஆசிரியர் அறையில், தேநீரோடு, என் காதாலேயே கேட்டிருக்கிறேன்.

பெரிய தொப்பி ஒன்று வாங்கினோம். நல்ல தண்ணீரில் முதலில் முடியை ஊறவைத்தால் குளத்து நீரை அது குறைவாகவே உறிஞ்சும் என்று தாய் சொல்லிக்கொடுத்தார். பின்னல் நாளையும் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டார். அவளைப் பத்து நிமிடம் முன்னதாகக் கரையேற்ற நான் அனுமதி கேட்டபோது, "ஒரு பிள்ளைக்கு மட்டும் சலுகையா?" என்றது அலுவலகம். இரண்டு வாரம் வாதாடி வாங்கினேன்.

இங்கிலாந்துப் பாடத்திட்டப்படி தொடக்கப் பள்ளி முடிப்பதற்குள் ஒரு பிள்ளை 25 மீட்டராவது நீந்த வேண்டும். ஆண்டு முடிவில் அவள் தொட்டது 15. எங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு நீச்சல் கிடையாது.