செஞ்சி: எட்டு வருடம் தாங்கிய மலை

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் பேருந்தில் போனவர்கள் எல்லோரும் செஞ்சியைப் பார்த்திருப்பார்கள். யாரோ கருங்கல்லை அள்ளிக் குவித்ததுபோல மூன்று மலைகள்: ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. மூன்றையும் சேர்த்து வளைத்து ஓடும் மதில். வெயில் ஏறுவதற்குள் ராஜகிரி உச்சியைத் தொட்டுவிட வேண்டும் என்று காலையிலேயே கிளம்பிவிட்டோம். உயரம் சுமார் 800 அடி.

கோனார்கள் தொடங்கிவைத்து நாயக்கர்கள் விரிவாக்கிய கோட்டை இது. 1649-இல் பீஜப்பூர் சுல்தானிடமும் 1677-இல் சிவாஜியிடமும் போனது. எனக்கு இங்கே முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்த கதைதான். 1689-இல் ஔரங்கசீப்பின் படை ராய்கட்டைப் பிடித்தபோது, சிவாஜியின் இளைய மகன் ராஜாராம் தப்பி வந்து தங்கியது செஞ்சியில். மராட்டியத் தலைநகரமே இங்கே வந்துவிட்டது! மறு வருடம் முகலாயத் தளபதி சுல்பிகர் கான் முற்றுகையிட்டார். கோட்டை விழுந்தது 1698-இல். அதற்குள் ராஜாராம் வெளியேறிவிட்டார்.

எட்டு வருடம் எப்படித் தாக்குப்பிடித்தார்கள் என்பது ஏறும்போதே புரிகிறது. அடிவாரத்தில் கனத்த சுவர்களோடு நெற்களஞ்சியம். சக்கரக்குளம், செட்டிக்குளம் என்று தண்ணீருக்குக் குறைவில்லை. உச்சிக்குச் சற்று முன்னால் பாறை பிளந்து ஆழமான பள்ளம். அதைக் கடக்க ஒரு சிறிய பாலம். அந்தப் பாலத்தை எடுத்துவிட்டால் பத்துப் பேர் ஒரு படையையே நிறுத்திவிடலாம். ஆனால் பாறை மட்டும் காப்பாற்றவில்லை. மராட்டியத் தளபதிகள் சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் வெளியிலிருந்து தாக்கி, முற்றுகையிட்டவர்களையே பட்டினி போட்டார்கள். 1693-இல் சுல்பிகர் கான் வந்தவாசிக்குப் பின்வாங்க வேண்டியிருந்தது.

இறங்கி வந்ததும் மோர் விற்ற அம்மா கேட்டார்: "தேசிங்கு ராஜா கோட்டைய நல்லா சுத்திப் பாத்தீங்களா, தம்பி?" இந்த ஊருக்கு அவர்தான் ராஜா. கப்பம் கேட்டு வந்த ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு சிறு படையை வைத்துக்கொண்டு மோதி, 1714-இல் இளம் வயதிலேயே மாண்டவர். கூத்திலும் கதைப்பாட்டிலும் அவரும் நண்பன் மகமத்கானும் குதிரை பாராசாரியும் இன்னும் வாழ்கிறார்கள். அந்தப் பாசம் எனக்கும் உண்டு. ஆனால் ராஜாராமின் எட்டு வருடத்தையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

2025-இல் மராட்டியப் போர் அரண்கள் என்று யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்த 12 கோட்டைகளில், மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான். போகிறவர்கள் தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். உணவுப் பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறாதீர்கள், குரங்குகள் விடாது.