பிரான்ஸ் சிற்றூர் பிஸ்த்ரோவில் சாப்பிடப் போகிறீர்களா?

லுவார் ஆற்றங்கரைச் சிற்றூர்களில் பத்துப் பன்னிரண்டு மேசை மட்டுமே உள்ள பிஸ்த்ரோக்கள், அதாவது சின்ன உணவகங்கள், உண்டு. வெளியே பார்த்தால் சாதாரணக் கடை; தட்டில் வருவது பெரிய ஓட்டல் சமையல். இந்த வகைக்கு 'பிஸ்த்ரோனமி' என்று பெயர். 1992இல் இவ் காம்த்போர்த் என்ற சமையல்காரர், கிரியோன் என்ற ஆடம்பர ஓட்டலில் கற்ற கைப்பக்குவத்தோடு பாரிஸில் லா ரெகாலாத் என்ற எளிய கடையைத் திறந்தார். அந்தப் பாணி பிறகு சிற்றூர்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

முதலில் நேரம். மதியம் 12 மணிக்குத் திறந்தால் ஒன்றரைக்கே அடுப்பை அணைத்துவிடும் கடைகள் உண்டு. இரண்டரைக்குப் போய் நின்றால் காபிதான் கிடைக்கும். இரவு ஏழரைக்கு மேல்தான். ஞாயிறு இரவும் திங்களும் பல கடைகளுக்கு விடுமுறை. இரண்டு மூன்று நாள் முன்பே போன் செய்து மேசை சொல்லிவைப்பது நல்லது. பெரும்பாலும் ஒரு மேசைக்கு ஒரு இரவில் ஒரே கூட்டம்தான், நீங்கள் வராவிட்டால் அந்த மேசை காலியாகவே கிடக்கும்.

உட்கார்ந்ததும் கரும்பலகையைப் பாருங்கள். மூன்று தொடக்கம், மூன்று முக்கிய உணவு, மூன்று இனிப்பு என்று எழுதியிருந்தால் நல்ல சகுனம். உள்ளே இரண்டு பேர்தான் சமைக்கிறார்கள். அதற்கு மேல் பட்டியல் நீண்டால் குளிர்பெட்டியில் உறையவைத்த உணவோ என்று சந்தேகப்படலாம். 'ஆந்த்ரே' என்றால் அங்கே தொடக்க உணவு. அமெரிக்கப் பழக்கத்தில் அதையே முக்கிய உணவு என்று நினைத்துக் கேட்டுவிட்டு அரைவயிற்றோடு எழுந்தவர்கள் உண்டு. 'மெனு' என்பதும் பட்டியல் அல்ல, நிலையான விலைக்கு வரும் முழுச் சாப்பாடு. பட்டியல் வேண்டுமென்றால் 'கார்த்' என்று கேளுங்கள். மதியத்தில் இரண்டு வகை மட்டும் உள்ள 'ஃபோர்முல்' சுமார் 20 யூரோவுக்குக் கிடைக்கும். அதே கைப்பக்குவம், இரவை விடக் குறைந்த விலை.

சைவர்கள் மேசை சொல்லும்போதே 'நி வியாந்த், நி புவாசோன்' (இறைச்சியும் வேண்டாம், மீனும் வேண்டாம்) என்று சொல்லிவிடுங்கள். 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொன்னால் மீனைக் கொண்டுவந்து வைக்கும் கடைகள் உண்டு. சாலட்டில் பன்றிக்கொழுப்புத் துண்டும் பயறில் இறைச்சிச் சாறும் இருக்கலாம், பலகையில் அது எழுதியிருக்காது.

லுவார் பக்கம் போனால் ஆற்றுமீனும் 'பெர் ப்ளான்' என்ற வெண்ணெய் சாஸும் பலகையில் இருக்கிறதா என்று பாருங்கள். சமையலறையை எடைபோட இதைவிட நல்ல சோதனை இல்லை. நம் சின்ன வெங்காயத்துக்கு அண்ணன் மாதிரியான ஷாலட் இரண்டைப் பொடியாக நறுக்கி, 100 மில்லி வெள்ளை வைன், 50 மில்லி வினிகரில் போட்டு, இரண்டு மேசைக்கரண்டி மிஞ்சும்வரை சுண்டவைப்பார்கள். பிறகு தணலைக் குறைத்து, குளிர்ந்த வெண்ணெய் 200 கிராமைத் துண்டு துண்டாகப் போட்டு அடித்துக்கொண்டே இருப்பார்கள். சூடு 60 டிகிரியை நெருங்கினால் வெண்ணெய் பிரிந்து எண்ணெயாக மிதக்கும், ஆறவிட்டால் உறைந்துபோகும். அதனால்தான் சில சமையல்காரர்கள் பாதுகாப்புக்கு ஒரு கரண்டி கிரீம் சேர்க்கிறார்கள். பழமைவாதிகள் முகம் சுளிப்பார்கள், நாக்குக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. தட்டு வந்ததும் ஓரத்தைப் பாருங்கள். சாஸைச் சுற்றி மஞ்சள் எண்ணெய் வளையம் நின்றால் அது பிரிந்துவிட்டது, அல்லது தட்டை அதிகம் சுடவைத்துவிட்டார்கள். வளையமில்லாமல் பாலாடை மாதிரி மினுங்கினால் உடனே சாப்பிடுங்கள். போட்டோ எடுக்கும் நேரத்தில் அது ஏடுகட்டும்.

ரொட்டியைத் தட்டில் வைக்காமல் மேசைமேலேயே வைப்பார்கள், கூச்சப்பட வேண்டாம். மிஞ்சிய சாஸை அதாலேயே வழித்துச் சாப்பிடலாம். தண்ணீருக்கு 'கராஃப் தோ' என்று கேட்டால் குழாய்நீர் இலவசம். வெறுமனே தண்ணீர் என்றால் பாட்டில் வந்து பில்லில் ஏறும். பாலாடைக்கட்டி இனிப்புக்கு முன்பு, காபி இனிப்புக்குப் பின்பு.

நீங்கள் கேட்காமல் பில் வராது. மேசையை விட்டு எழுப்புவது அங்கே மரியாதைக்குறைவு. 'லாதிஸியோன், சில் வூ ப்ளே' என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். சேவைக் கட்டணம் விலையிலேயே அடங்கிவிடும், மனம் நிறைந்தால் ஒன்றிரண்டு யூரோ நாணயம் வைத்தால் போதும்.