நாவல்பழச் சாயத்தில் ஒரு சோலார் செல்: 0.67-லிருந்து 0.45-க்கு வந்த கதை

நாவல்பழத் தோலை எத்தனாலில் ஊறவைத்து வடிகட்டினால் சாறு சிவப்பாக இருக்கும். அதில் வெள்ளை டைட்டானியம் டை ஆக்சைடு பூசிய கண்ணாடியை ராத்திரி முழுக்கப் போட்டுவிட்டுக் காலையில் எடுத்தால் அந்த வெள்ளைச் சதுரம் ஊதாவாகியிருக்கும். சிவப்பு இல்லை, நல்ல ஊதா. எத்தனால் ஊற்றிக் கழுவினாலும் நிறம் போகாது. ஆராய்ச்சிக்குச் சேர்ந்த முதல் வருடம், ஆடி மாதத்தில் அதைப் பார்த்த காலை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. சாயம் மேலே படிந்து மட்டும் நிற்கவில்லை, டைட்டானியத்தோடு பிணைந்துவிட்டது என்பதற்கு அந்த நிறமாற்றமே சாட்சி. நாவல்பழத் தோலில் உள்ள ஆந்தோசயனின் என்ற நிறமிகளில் சிலவற்றுக்கு அடுத்தடுத்து இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகள் உண்டு. அவை டைட்டானியம் அணுவை இரு கையாலும் பிடித்துக்கொள்கின்றன. அடுத்த வாரம் பீட்ரூட் சாற்றில் முயன்றேன். கழுவக் கழுவ வெளுத்துப் போனது.

இந்த வகை செல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சிலிக்கான் செல்லில் ஒளியை வாங்குவதும் மின்சாரத்தைக் கடத்துவதும் ஒரே பொருள்தான். இதில் வேலை பிரிந்திருக்கிறது. சாயம் ஒளியை வாங்கி எலக்ட்ரானை டைட்டானியம் டை ஆக்சைடுக்குக் கொடுக்கும். இழந்த எலக்ட்ரானைச் சாயத்துக்குத் திருப்பிக் கொடுப்பது எலக்ட்ரோலைட் எனப்படும் அயோடைடு கரைசல். டைட்டானியம் டை ஆக்சைடு தனியாக இருந்தால் புற ஊதாவை மட்டுமே வாங்கும். அதன் பேண்ட் கேப், அதாவது எலக்ட்ரானைக் கிளப்ப ஒளிக்கு இருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆற்றல், 3.2 எலக்ட்ரான் வோல்ட். 1991-இல் ஓ'ரீகனும் கிராட்செலும் ஸ்விட்சர்லாந்தின் லொசான் நகரில் செய்த முக்கியமான காரியம், 15 நானோமீட்டர் அளவுள்ள துகள்களை 10 மைக்ரோமீட்டர் தடிமனுக்குப் பஞ்சு மாதிரி அடுக்கியது. அப்படி அடுக்கும்போது உள்பரப்பு ஏறக்குறைய ஆயிரம் மடங்காகிவிடுகிறது. சாயத்துக்கு உட்கார அவ்வளவு இடம். அவர்களுக்கு 7 சதவீதத்துக்கு மேல் திறன் கிடைத்தது, அதாவது விழுந்த ஒளி ஆற்றலில் அவ்வளவு மின்சாரமானது.

இந்த செல்களுக்கு ஆய்வகங்களில் வழக்கமாகப் போடும் என்719 மாதிரியான ருத்தேனியம் சாயம் ஒரு கிராம் வாங்கினால் ஒரு மாத ஃபெல்லோஷிப் போய்விடும். அதனால்தான் நம் ஊர்க் கல்லூரிகளில் பலர் இயற்கைச் சாயத்துக்குப் போகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன். தள்ளுவண்டியில் நாவல்பழம் வாங்கி, சதையை நாங்கள் சாப்பிட்டுவிட்டுத் தோலை எடுத்துக்கொள்வோம். சதை சேர்ந்தால் சர்க்கரையும் சேர்ந்துவிடும், ஃபிலிம், அதாவது அந்த வெள்ளைப் பூச்சு, பிசுபிசுக்கும். நிறம் நிற்க இரண்டு சொட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதைக் கூட்டினால் நிறம் இன்னும் அழகாகும், ஆனால் வோல்டேஜ் இறங்கும்.

உண்மையில் சாயம் எடுப்பதுதான் சுலபமான வேலை. ஃபிலிம்தான் உயிரை வாங்கியது.

பி25 என்ற டைட்டானியம் டை ஆக்சைடு பவுடரை எத்தில் செல்லுலோஸ், டெர்பினியாலோடு கல்வத்தில் முக்கால் மணி நேரம் அரைப்பேன். மின்சாரம் கடத்தும் பூச்சுள்ள எஃப்டிஓ கண்ணாடியின் ஓரங்களில் செலோடேப் ஒட்டி, நடுவில் 5 மி.மீ. சதுரம் விட்டு, கண்ணாடிக் குச்சியால் ஒரே இழுப்பில் பேஸ்டை இழுக்க வேண்டும். கை நடுங்கினால் கோடு விழும். பிறகு மஃபிள் ஃபர்னஸில் 450 டிகிரி. சூடு ஏறும்போது எத்தில் செல்லுலோஸ் கருகி ஃபிலிம் பழுப்பாகும், பிறகு முழுதும் எரிந்து மறுபடி வெள்ளையாகும். முதல் தடவை அந்தப் பழுப்பைப் பார்த்து எல்லாம் போச்சு என்று ஃபர்னஸை அணைத்துவிட்டேன். அவசரமாகச் சூடேற்றினால் வறண்ட கண்மாய் மாதிரி வெடித்துவிடும். ஒரே தடவையில் தடியாகப் பூசினாலும் வெடிக்கும். மெல்லிசாக இரண்டு பூச்சு, நடுவில் காயவிடுவது, படிப்படியாகச் சூடேற்றுவது என்று பிடிபட நான்கு மாதம் ஆனது.

செல்லை அளக்கச் சூரிய ஒளி மாதிரி வெளிச்சம் தரும் சோலார் சிமுலேட்டர் எங்கள் கல்லூரியில் கிடையாது. வேறொரு ஊரில் உள்ள கருவி மையத்தில் தேதி வாங்கிப் பணம் கட்டி அளக்க வேண்டும். ஆறு செல்களை அலுமினியத் தாளில் சுற்றி, டிபன் பாக்ஸில் பஞ்சுக்கு நடுவே வைத்து, விடியற்காலை பஸ் ஏறினேன். ஒவ்வொரு செல்லிலும் சாயக் கண்ணாடி, எதிர்க் கண்ணாடி, நடுவே எலக்ட்ரோலைட்; இரண்டு கண்ணாடியையும் பைண்டர் கிளிப் மட்டும்தான் பிடித்திருந்தது. மூன்றரை மணி நேரம் கழித்துத் திறந்து பார்த்தால் பஞ்செல்லாம் அயோடின் பழுப்பு. எலக்ட்ரோலைட்டின் கரைப்பானான அசிட்டோநைட்ரில் 82 டிகிரியிலேயே கொதிக்கிற திரவம், சாதாரண வெயிலிலேயே ஆவியாகிவிடும். ஆறில் ஒன்றுகூட வேலை செய்யவில்லை. கட்டிய பணம் கட்டியதுதான்.

அதற்குப் பிறகுதான் சர்லின் வாங்கினோம். இது சூட்டில் இளகி இரண்டு கண்ணாடியையும் ஒட்டும் ஒரு மெல்லிய தாள். எதிர்க் கண்ணாடியான கவுண்டர் எலக்ட்ரோடில் துளை போட்டு, அது வழியாக எலக்ட்ரோலைட்டை நிரப்பி, துளையையும் மூட வேண்டும். துளை போடும்போது கண்ணாடியைத் தண்ணீருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அது தெரியாமல் ஒன்பது கண்ணாடியை உடைத்தேன்.

இரண்டாம் பயணத்தில் நம்பர் வந்தது. 0.48 வோல்ட். சதுர சென்டிமீட்டருக்கு 2.4 மில்லி ஆம்பியர். இந்த இரண்டின் பெருக்கத்தில் உண்மையில் கைக்கு வரும் பங்கான ஃபில் ஃபேக்டர் 0.58. திறன் 0.67 சதவீதம். நாவல்பழத்துக்கு இது ரொம்ப நல்ல நம்பர். பஸ் ஸ்டாண்டிலிருந்தே என் கைடு மேடத்துக்கு போன் செய்தேன். அந்த வாரமே ஒரு கருத்தரங்குக்கு அப்ஸ்ட்ராக்ட் அனுப்பினோம்.

மூன்றாம் முறை போனபோது கருவியைப் பார்த்துக்கொண்டது வேறொரு அக்கா. செல்லைக் கையில் வாங்கியதும், "மாஸ்க் எங்கப்பா?" என்றார். எனக்குப் புரியவில்லை. அவரே மேசையிலிருந்து 4 மி.மீ. சதுர ஓட்டை போட்ட கறுப்புத் தகடு ஒன்றை எடுத்து செல்லின் மேல் வைத்தார். சதுர சென்டிமீட்டருக்கு 1.6 மில்லி ஆம்பியர், 0.47 வோல்ட், ஃபில் ஃபேக்டர் 0.60. திறன் 0.45.

"ஓரத்துக் கண்ணாடியில விழுற வெளிச்சமும் உள்ள போகுதுப்பா. நீங்க ஏரியாவ டேப் அளவ வச்சுத்தானே கணக்குப் போட்டீங்க?" என்று கேட்டார். ஆமாம். ஊருக்குத் திரும்பியதும் இளநிலை மாணவர்கள் ப்ராக்டிகலுக்கு வைத்திருந்த டிராவலிங் மைக்ரோஸ்கோப்பில் என் ஃபிலிமை அளந்தேன். டேப்புக்கு அடியில் பேஸ்ட் கசிந்து ஒவ்வொரு பக்கமும் 5.5 மி.மீ. ஆகியிருந்தது. 0.25 சதுர சென்டிமீட்டர் என்று நான் எழுதிவந்தது உண்மையில் 0.30. கூடுதலாக வந்த மின்னோட்டத்தில் பாதிக்கு அந்தக் கசிவு காரணம், மீதி ஓரத்து வெளிச்சம்.

மேடத்திடம் சொல்லத் தயங்கித்தான் போனேன். அவர் இரண்டு கிராஃபையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "அப்ஸ்ட்ராக்ட்ல 0.67-ன்னு போயிருச்சே. இன்னைக்கே மெயில் போட்டு மாத்திரும்மா" என்றார். மாற்றினேன். அன்று அழுகை வந்தது. ஆனால் அவர் வேறு எதுவும் சொல்லாமல் அதை மட்டும் சொன்னதற்காக இன்றைக்கும் அவர் மீது எனக்குப் பெரிய மரியாதை.

அந்த அக்கா கேட்ட இன்னொரு கேள்வி இதைவிட முக்கியம். "என்719 போட்டு ஒரு செல் செஞ்சு பாத்தீங்களா?" செய்யவில்லை. வேறொரு லேபிலிருந்து கொஞ்சம் சாயம் வாங்கி, அதே ஃபிலிமில் செய்தேன். நல்ல லேபில் 7 சதவீதம் தாராளமாகத் தரும் சாயம் என் கையில் 3.1 தந்தது. அப்படியானால் குறை நாவல்பழத்தில் மட்டும் இல்லை, என் ஃபிலிமிலும் இருக்கிறது. அதுவரை திறன் குறையும்போதெல்லாம் பழத்தை மாற்றினேன், கரைப்பானை மாற்றினேன். ஒரு வருடம் அதில் போனது. இந்தத் துறைக்கு வரும் தம்பி தங்கைகள் முதல் மாதமே அந்தத் தெரிந்த சாயத்தில் ஒரு செல் செய்துவிடுங்கள், காசு போனாலும் பரவாயில்லை.

பிறகு டைட்டானியம் டெட்ராகுளோரைடு. பாட்டிலைத் திறந்தால் காற்றின் ஈரத்திலேயே வெண்புகை எழும். ஃப்யூம் ஹுட்டுக்குள், ஐஸில் உட்காரவைத்த தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அந்தக் கரைசலில் 70 டிகிரியில் ஃபிலிமை அரை மணி நேரம் வைத்து மறுபடி சுட்டால் துகளுக்கும் துகளுக்கும் இடையே பிடிப்பு கூடுகிறது. சாயத்தில் போடும்போது ஃபிலிம் 80 டிகிரிச் சூட்டில் இருக்க வேண்டும். ஆறினால் காற்றிலுள்ள ஈரம் சாயத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். ஐப்பசி மழையில் செய்த செல்கள் ஏன் மோசமாக வந்தன என்பது அப்போதுதான் விளங்கியது. இவ்வளவும் செய்தபின் என்719 செல் 6.2 வரை ஏறியது. நாவல்பழம் 0.58, மாஸ்க்கோடு.

வெயிலில் வைத்த பத்தே நாளில் அந்த நாவல்பழ செல்லின் மின்னோட்டம் பாதியாகிவிட்டது. அந்த கிராஃபையும் தீசிஸில் வைத்தேன். வைவாவில் தேர்வாளர் அதிக நேரம் நின்றது அந்தப் பக்கத்தில்தான். ஒளி சாயத்தைச் சிதைக்கிறதா, அயோடின் சிதைக்கிறதா என்று கேட்டார். சாயம் ஏற்றிய ஃபிலிமை எலக்ட்ரோலைட் இல்லாமல் அதே வெயிலில் வைத்து எடுத்த நிறமாலை கைவசம் இருந்தது. அதிலும் நிறம் வெளுத்திருந்ததைக் காட்டி, ஒளிக்குப் பங்கு உண்டு, அயோடினின் பங்கை என்னால் தனியாகப் பிரிக்க முடியவில்லை என்று சொன்னேன். ஏற்றுக்கொண்டார்.

நாங்களே ஒரு மாஸ்க் செய்து லேபில் வைத்திருக்கிறோம். கறுப்புப் பெயின்ட் அடித்த அலுமினியத் தகடு, நடுவில் 4 மி.மீ. ஓட்டை. பெயின்ட் உரிந்தால் ஓட்டையின் அளவு மாறிவிடும் என்பதால், ஒவ்வொரு முறை அளக்கக் கிளம்பும் முன்னும் டிராவலிங் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறேன். இப்போது அதில் ஜூனியர்களின் கையெழுத்துகள்.