அரங்கேற்றம் முடித்த பிள்ளைகளோடு ஒரு பாலே குழு

சின்ன வயதில் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் பரதமும் பாலேயும் சேர்த்தே கற்றேன். பிறகு வெளிநாட்டுக் குழு ஒன்றில் முப்பது தாண்டும்வரை ஆடினேன், பெரும்பாலும் பின்வரிசையில். முழங்கால் மக்கர் செய்ததும் கோலாலம்பூருக்கே திரும்பி இளையோர் பாலே குழு ஒன்றைத் தொடங்கினேன்.

சேர்ந்தவர்களில் பாதிப் பேர் பரதம் கற்ற பிள்ளைகள். தாளம் பற்றிக் கவலையே இல்லை. அரைமண்டி பழகிய கால்களுக்கு, பாலேயில் முழங்காலை மடக்கும் பிளியேவும் சீக்கிரம் பிடிபட்டது. பாதம்தான் படுத்தியது. பரதத்தின் தட்டடவில் உள்ளங்கால் முழுதும் தரையில் அறைய வேண்டும். பாலேயில் குதித்து இறங்கினால் விரல், முன்பாதம், குதிகால் என்று சத்தமில்லாமல் இறங்க வேண்டும். சிமெண்டுத் தரையில் அதைப் பழக்கினால் கால் எலும்பு வலிதான் மிஞ்சும். மரச்சட்டம் அடித்து, பலகை போட்டு, மேலே வினைல் விரித்தோம். கையிலிருந்த பணத்தில் பெரும்பகுதி அதற்கே போனது. போகட்டும்.

இதையெல்லாம் விடக் கஷ்டம், வரிசை. அரங்கேற்றத்தில் சபை முழுக்க ஒருத்தியையே பார்க்கும். அப்படி ஆடியவளைப் பன்னிரண்டு பேரில் ஒருத்தியாக நிறுத்தி, பக்கத்தில் இருப்பவள் கை எந்த உயரத்திலோ அந்த உயரத்தில் உன் கையும் என்றால், முகம் தானாகச் சபையைத் தேடுகிறது. கண்ணாடியைத் திரைபோட்டு மூடினேன். அப்புறம்தான் ஓரக்கண்ணால் வரிசையைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

அம்மாமார் வேறு.

"டீச்சர், என் பொண்ணு அரங்கேற்றம் பண்ணவ. பின்னால நிக்க வச்சிட்டீங்களே?"

"நானும் பின்னால நின்னவதாங்கா."

சமாதானமானாரோ இல்லையோ, அடுத்த வாரமும் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டார்.

காலணியில் இன்னொரு தகராறு. இளஞ்சிவப்புக் காலுறையும் சாட்டின் ஷூவும் வெள்ளைத் தோலுக்காக வந்தவை. காலின் கோடு இடுப்பிலிருந்து விரல்வரை ஒன்றாக ஓட வேண்டும் என்பது கணக்கு. நம் பிள்ளைகளுக்கு அது இடுப்போடு அறுந்துவிடுகிறது. நியூயார்க்கின் டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லெம் 1970களிலேயே அவரவர் தோல்நிறக் காலுறைக்கு மாறியது. லண்டனின் ஃபிரீட் நிறுவனமோ விரல்நுனியில் நின்று ஆடுவதற்கான பாயின்ட் ஷூக்களைப் பழுப்பு நிறத்தில் 2018இல்தான் விற்பனைக்குக் கொண்டுவந்தது. நாங்கள் முகத்துக்குப் போடும் ஃபவுண்டேஷனையே ஷூவில் பூசினோம். ஆளுக்கொரு நிறம் என்றால் வரிசை கலைந்து தெரியுமே என்றார்கள். மேடையில் பார்த்தேன், கைகள் ஒரே உயரத்தில் எழுந்தால் நிறத்தை யாரும் எண்ணுவதில்லை. இந்த ஊர்ப் புழுக்கத்தில் ஷூவின் முனையை விறைப்பாக வைத்திருக்கும் பசை இளகிவிடுவதுதான் உண்மையான தலைவலி. பயிற்சி முடிந்ததும் மின்விசிறிக்கு அடியில் வைத்தே ஆக வேண்டும்.

ஐந்தாம் படிவத்தில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வு ஆண்டு வந்ததும் சிலர் விலகுகிறார்கள், டியூஷனோடு போட்டி போட முடியாது. அந்த இடங்களுக்கு இப்போது புதியவர்களைத் தேடுகிறோம். பரதம் கற்றவர்கள் தாராளமாக வரலாம். முதல் வருஷம் சோலோ மட்டும் கேட்க வேண்டாம்.