நைட் டூட்டி முடிந்து வந்தால் யார் சமைப்பார்கள்?

அப்பா இறந்த பிறகு தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அவள் சேலத்தில் ஸ்டாஃப் நர்ஸ். அஸ்தம்பட்டித் தரகரிடம் ஜாதகம் கொடுத்தபோது, "பொண்ணு வீட்டுக்கு என்னம்மா கவலை? பையன் வீட்டுக்காரங்கதான் பொண்ணு கிடைக்காம அலையறாங்க" என்றார்.

உண்மைதான். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை எங்கள் மாவட்டத்தில்தான் முதலில் தொடங்கினார்கள். 2011 கணக்கெடுப்பில்கூட இங்கே 1000 ஆண்களுக்கு 954 பெண்கள்தான். பையன்களுக்குப் பஞ்சமே இல்லை. பெண்ணை நம்பிக் கொடுக்கலாம் என்று தோன்றும் பையனைத் தேடினால்தான் தெரிகிறது பஞ்சம்.

கொண்டலாம்பட்டிப் பக்கம் ஒரு வரன். எட்டுப் பொருத்தம், ரஜ்ஜு தட்டவில்லை, சொந்த வீடு, சொந்தத் தறி. பையன் மரியாதையாகத்தான் பேசினான். பேசிக்கொண்டே காபியைக் குடித்து முடித்தவன், டம்ளரை அப்படியே பக்கவாட்டில் நீட்டினான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முழங்கால் வலிக்கார அம்மா சுவரைப் பிடித்து எழுந்து வந்து அதை வாங்கிப் போனார். அவன் பேச்சு ஒரு நொடிகூட நிற்கவில்லை. நாங்கள் கை நனைக்காமல் கிளம்பிவிட்டோம்.

"ஆம்பளைப் பையன் அப்படித்தான் இருப்பான், கல்யாணமானா சரியாயிடும்" என்றார் சித்தப்பா. பெற்ற அம்மா இத்தனை வருஷமாகச் சரி பண்ணாததை என் தங்கை போய்ச் சரி பண்ண வேண்டுமா? பெண் பிள்ளை வேண்டாம் என்று நினைத்த ஊரில், பிறந்த ஆண் பிள்ளையைச் சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்கவிடாமல் வளர்த்தார்கள். நல்ல கணவன் எங்கிருந்து வருவான்?

அதற்குப் பிறகு விசாரிக்கும் முறையையே மாற்றினேன். டீக்கடையிலும் பக்கத்துத் தெருவிலும் கேட்டால் எல்லாப் பையனும் 'தங்கமான பையன்'தான். அதனால் பையனுக்குக் கீழே வேலை செய்பவர்களிடமும், அந்த வீட்டுக்கு வாழ வந்த பெண்களிடமும் பேசினேன். பையனிடம் நேராக ஒரே கேள்விதான்: நைட் டூட்டி முடிந்து அவள் வந்தால் அன்றைக்குச் சமையல் யார்? "அம்மா இருக்காங்களே" என்பார்கள். சிலர், "வேலையை விட்டுடட்டும்" என்பார்கள். "நாங்க எதுவும் கேட்க மாட்டோம், எங்க பெரிய மருமகளுக்கு ஐம்பது பவுன் போட்டாங்க" என்ற வீடும் உண்டு. வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961-ல். பவுன் கணக்கை ஜாடையாகச் சொல்லும் பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை.

கடைசியில் அமைந்தது சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர். வாடகை வீடு, ஆறு பொருத்தம்தான். பட்டறையில் வேலை செய்யும் ஒரு பெண்ணிடம் தனியாகப் பேசினேன். "எடை போட்டுத்தான் வெள்ளி தருவாங்க, எடை போட்டுத்தான் திருப்பி வாங்குவாங்க. குறைஞ்சா மத்த இடத்துல முதல்ல எங்களைத்தான் திட்டுவாங்க. இவரு முதல்ல தராசைப் பார்ப்பாருங்க." அந்த ஒரு வார்த்தையில் என் மனசு பாதி முடிவாகிவிட்டது.

சமையல் கேள்விக்கு, "அன்னைக்கு நான்தாங்க. அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனப்போ நான்தான் சமைச்சேன். ரசம் நல்லா வரும், குழம்பு சுமார்" என்றார். அதையும் சும்மா விடவில்லை, பக்கத்து வீட்டில் கேட்டேன். "வாசல் தெளிச்சதும் அவன்தான்" என்றார் அந்த அம்மா.

சொந்த வீடில்லாத இடம் என்று சித்தப்பாவுக்கு இன்னும் மனத்தாங்கல். கல்யாணம் தையில் சுகவனேசுவரர் கோவிலில் நடந்தது. 2009 திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டுமே என்று நான் நினைவுபடுத்துவதற்குள் மாப்பிள்ளையே விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தார்.

இப்போது என்னோடு வேலை செய்யும் அக்காவின் மகளுக்கு வரன் வந்திருக்கிறது. ஆத்தூர்ப் பக்கம், சொந்தமாக ஜவ்வரிசி ஆலை. ஆலையில் வேலை செய்யும் பெண்களிடம் பேசிவிட்டு வருகிறேன், அப்புறம் ஜாதகத்தை வாங்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.