இந்தியானா ஜிம்மில் ரெஃப்ரி படும் பாடு

கொலம்பஸ் என்றால் நம்மவர்கள் பலருக்கு ஒஹாயோதான் ஞாபகத்துக்கு வரும். நாங்கள் இருப்பது அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்துக் கொலம்பஸ். கம்மின்ஸ் எஞ்சின் கம்பெனியின் தலைமையகம் இருக்கும் ஊர். அதனால் புனே, சென்னை, கோயம்புத்தூர் என்று பல ஊர் எஞ்சினியர்கள் குடும்பத்தோடு வந்து தங்கியிருக்கிறார்கள். என் கணவரும் அந்த வழியில் வந்தவர்தான். ஈரோட்டில் இருந்து கைக்குழந்தையோடு நான் பின்னால் வந்து சேர்ந்தேன்.

இங்கே குளிர்காலத்தில் மனுஷ முகம் பார்க்க வேண்டும் என்றால் ஹைஸ்கூல் ஜிம்முக்குத்தான், அதாவது பள்ளியின் உள்விளையாட்டு அரங்குக்குத்தான் போக வேண்டும். டிசம்பரில் சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும், தெருவில் ஈ காக்காய் இருக்காது. ஆனால் நவம்பரில் இருந்து மார்ச் வரை வெள்ளிக்கிழமை இரவானால் கூடைப்பந்து ஆட்டம் பார்க்க ஜிம் நிரம்பி வழியும். பல் டாக்டர், பள்ளி பஸ் ஓட்டுகிறவர், கடை கேஷியர் எல்லாரும் ஒரே பெஞ்சில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ யாரும் ஆடாத தாத்தா பாட்டிகள்கூட சீசன் டிக்கெட் வாங்கி வருவார்கள். நாட்டிலேயே பெரிய ஹைஸ்கூல் கூடைப்பந்து அரங்குகளில் பெரும்பாலானவை இந்த ஒரு மாநிலத்தில்தான் இருக்கின்றன. 1954-ல் மைலன் என்ற குக்கிராமத்துப் பள்ளி, மொத்தம் 161 மாணவர்களே படித்த பள்ளி, மன்ஸி சென்ட்ரல் என்ற பெரிய பள்ளியை 32-30 என்று கடைசி நொடிகளில் வென்று மாநிலக் கோப்பையைத் தூக்கியது. அந்தக் கதையை எனக்குச் சொல்லாத இந்தியானாக்காரர் கிடையாது.

இந்த ஊரில் எனக்குச் சிநேகிதிகள் கிடைத்ததும் அந்த மரப்பெஞ்சில்தான். மகள் ஆட ஆரம்பித்த பிறகு, பக்கத்தில் உட்கார்ந்த அம்மாக்கள்தான் எனக்கு ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தார்கள். பனி கொட்டும் நாட்களில் காரில் ஏற்றிக்கொண்டார்கள். அதனால்தான் அடுத்து சொல்லப்போவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இவ்வளவு நல்ல மனிதர்கள், விசில் சத்தம் கேட்டதும் வேறு ஆளாகிவிடுகிறார்கள். கண் தெரியவில்லையா, எவ்வளவு வாங்கினாய், வீட்டுக்குப் போ என்று ரெஃப்ரியை, அதாவது நடுவரைப் பார்த்துக் கத்தல். ஆட்டம் தொடங்கும் முன் ஒலிபெருக்கியில் நாகரிகமாக நடந்துகொள்ளச் சொல்லி ஓர் அறிவிப்பு வாசிப்பார்கள். முதல் பவுல், அதாவது எதிராளியை இடித்தது அடித்தது என்று ரெஃப்ரி சொல்லும் தப்பு, விழும்வரைதான் அதற்கு ஆயுசு.

கத்துகிறவர்களில் பெரும்பாலோருக்கு விதி தெரியாது என்பதுதான் எனக்குப் பொறுக்காத விஷயம். உயரமான பெண் ஒருத்தி, முன்னால் நிற்பவளின் தலைக்கு மேலே கையை நீட்டி ரீபவுண்டை, அதாவது கூடையில் விழாமல் திரும்பி வரும் பந்தை, எடுத்தால் போதும், ‘ஓவர் த பேக்’ என்று ஒரு பக்கம் முழுக்கக் கூச்சல் போடும். விதிப்புத்தகத்தில் அப்படி ஒரு பவுலே இல்லை. உடம்பால் இடித்துத் தள்ளினால் அது புஷிங். இடிக்காமல் எடுத்தால் அவள் உயரத்துக்குக் கிடைத்த லாபம், அவ்வளவுதான். அதே மாதிரி, உருளும் பந்துக்குப் பாய்ந்து விழுந்து, பந்தைப் பிடித்தபடி தரையில் சறுக்கிக்கொண்டு போனால் ‘டிராவல்’, அதாவது பந்தைக் கையில் வைத்தபடி விதியை மீறி நகர்ந்துவிட்டாள் என்பார்கள். சறுக்குவது தப்பே இல்லை. பந்தோடு புரண்டாலோ, எழுந்து நிற்கப் பார்த்தாலோதான் டிராவல். ரெஃப்ரி விசில் ஊதாமல் விடுவது அவருக்கு அது தெரியும் என்பதால். அதற்குத்தான் திட்டு.

ஒன்பதாம் வகுப்புப் பெண்களின் ஆட்டம் ஒன்று. ரெஃப்ரிகள் இரண்டு பேரில் ஒருவனுக்கு இருபது வயதுகூட இருக்காது, கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டை புதுமடிப்புக் கலையாமல் இருந்தது. எனக்கு இரண்டு வரிசை பின்னால் ஒரு தகப்பனார் முதல் குவார்ட்டரில் இருந்தே அவனை விடவில்லை. பவுல் சொன்னால் அந்தப் பையன் ஸ்கோர் மேஜைக்கு எதிரே போய் நின்று, ஆட்டக்காரியின் எண்ணை இரண்டு கை விரல்களாலும் காட்ட வேண்டும். மேஜையோ எங்கள் பக்கம். அதனால் ஒவ்வொரு பவுலுக்கும் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தபடிதான் நிற்க வேண்டியிருந்தது. மூன்றாம் குவார்ட்டரில் 24-ம் எண் என்று காட்ட வேண்டிய இடத்தில் விரல்கள் தடுமாறி, மறுபடி காட்டினான். அதற்கும் சிரிப்பு. அடுத்து ஒரு பெண்ணைக் கையில் அடித்தது அப்பட்டமாகத் தெரிந்தது, அவன் ஊதவில்லை. பயந்துவிட்டான். கத்தி யாருக்கு என்ன லாபம்? அடி வாங்கியது கத்தியவரின் மகள்.

விதிப்படி பார்வையாளர்களை அடக்கும் பொறுப்பு ஆட்டத்தை நடத்தும் பள்ளியுடையது. ரெஃப்ரி கேட்டால் ஆளை வெளியே அனுப்புவார்கள். ஆனால் புதுப்பையன் கேட்பானா? கேட்டால் அடுத்த ஆட்டத்துக்குத் தன்னைக் கூப்பிடுவார்களோ மாட்டார்களோ என்று நினைக்க மாட்டானா?

அப்புறம் இது என் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. ஹைஸ்கூலில் படிக்கும்போதே கைச்செலவுக்கு ஆகும் என்று மகள் சனிக்கிழமைகளில் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளின் ஆட்டங்களுக்கு ரெஃப்ரியாகப் போனாள். எட்டு வயதுப் பிள்ளைகள். பந்தை எடுத்துக்கொண்டு எந்தக் கூடைக்கு ஓடுவது என்றே பாதிப் பேருக்குத் தெரியாது. அந்த ஆட்டத்தில் ஒரு பெரிய மனிதர் ஆடுகளத்துக்குள் இறங்கி வந்து, என் மகளின் முகத்துக்கு நேரே விரலை ஆட்டிப் பேசினார். நான் எழுந்து போவதற்குள் அவளே நிமிர்ந்து நின்று, “சார், உட்காருங்கள், குழந்தைகள் பார்க்கிறார்கள்” என்றாள். காரில் வரும்போது, “இனிமேல் போக வேண்டாம் கண்ணு” என்றேன். “நானும் போகவில்லை என்றால் அந்தப் பிள்ளைகள் எப்படிம்மா விளையாடும்?” என்று கேட்டாள்.

அவள் கேட்டது நாடு முழுக்க உள்ள கேள்விதான். மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு சொன்ன கணக்குப்படி, 2018-19க்கும் 2021-22க்கும் இடையில் ஏறத்தாழ 50,000 ரெஃப்ரிகளும் அம்பயர்களும் பள்ளி ஆட்டங்களை விட்டு விலகினார்கள். கொரோனாவும் ஒரு காரணம்தான். ஆனால் அதற்கு முன்பே, 2019 ஜனவரியில், அதே கூட்டமைப்பு பெற்றோருக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதியிருந்தது. புதிதாக வரும் இளம் ரெஃப்ரிகளில் 80 சதவீதம் பேர் இரண்டே வருஷத்தில் விட்டுவிடுகிறார்கள், விலகுகிறவர்கள் சொல்லும் முதல் காரணம் பெரியவர்களின் நடத்தை என்று அதில் இருந்தது. ஆள் குறைந்தால் வார்சிட்டிக்கு, அதாவது பள்ளியின் முதல் அணி ஆட்டத்துக்கு, எப்படியாவது ஆள் பிடித்துவிடுவார்கள். அடிபடுவது ஜேவி என்ற இரண்டாம் அணியும் ஒன்பதாம் வகுப்பும்தான். எங்கள் பக்கத்திலேயே ரெஃப்ரி கிடைக்காமல் சின்ன வகுப்பு ஆட்டங்கள் தள்ளிப்போயிருக்கின்றன.

நம் ஊர் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. திருவிழாக் கபடியில் நடுவரைச் சுற்றி ஊரே நின்று சண்டை போடுவதைப் பார்த்து வளர்ந்தவள்தான் நானும். என் கவலை வேறு. புதிதாக வரும் நம் குடும்பங்கள் இந்த ஊரோடு ஒட்டிக்கொள்ள எதையெல்லாம் பார்க்கிறார்களோ அதையெல்லாம் கற்றுக்கொள்கிறார்கள். ஸ்கூல் நிறத்தில் சட்டை, கைதட்டும் தாளம், கூடவே ரெஃப்ரியைத் திட்டுவதும். போன சீசனில் நம்மூர்த் தம்பி ஒருவர், வந்து அதிக நாள் ஆகாதவர், பக்கத்தில் இருந்தவர்களோடு சேர்ந்து எழுந்து நின்று கத்தினார். அவர் மகன் தலையைக் குனிந்துகொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். இடைவேளையில் அவரைக் கூப்பிட்டு, “பையன் பேரைச் சொல்லி எவ்வளவு வேண்டுமானாலும் கத்துங்க தம்பி, அந்தக் கோடு போட்ட சட்டைக்காரரை விட்டுடுங்க” என்றேன். “எல்லாரும் கத்துறாங்களே அக்கா” என்றார். எல்லாரும் கத்தவில்லை. முழு ஜிம்மில் பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். மற்றவர்கள் முகம் சுளித்துக்கொண்டு சும்மா இருக்கிறார்கள், அந்தச் சும்மா இருப்பதுதான் எல்லாரும் என்று தோன்ற வைக்கிறது. இப்போது நானும் என் சிநேகிதிகள் இரண்டு மூன்று பேரும் சும்மா இருப்பதில்லை. எல்லை மீறினால் கதவருகே நிற்கும் பள்ளி ஆளிடம் போய்ச் சொல்கிறோம். சிலர் எங்களோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். பரவாயில்லை.

மகள் ரெஃப்ரி லைசென்ஸுக்குப் படிக்கிறாள். ராத்திரி சாப்பாட்டு மேஜையில் விதிப்புத்தகம் திறந்தே கிடக்கிறது. நேற்று தோசை வார்த்துக்கொண்டிருந்த என்னிடம், “அம்மா, தடுக்கிறவள் ஒருதடவை எதிராளியைப் பார்த்து இரண்டு காலையும் ஊன்றி முன்னால் நின்றுவிட்டால், அப்புறம் பக்கவாட்டில் நகரலாம், தெரியுமா? நகர்ந்தாள் நகர்ந்தாள் என்று கத்துவதெல்லாம் சும்மா” என்று அடுப்பு பக்கத்திலேயே நின்று, காலை வைத்துக் காட்டினாள்.