மாறிக்குத் தமிழ்ப் பெயர் வைத்தால்: ஐந்து நிரல்மொழிகளில் ஓட்டிப் பார்த்தது

மாறி என்பது நிரலில் ஒரு மதிப்புக்கு நாம் வைக்கும் பெயர். சோதனைக்கு இரண்டு பெயர்கள்: 'மதிப்பெண்', 'கொள்ளளவு'. முதலாவது இகரக் குறிக்காகவும் புள்ளிக்காகவும், இரண்டாவது ஒகரக் குறிக்காக.

பைத்தான் 3 இரண்டையும் ஏற்கிறது. ரஸ்ட்டுக்கு 1.53 (2021) அல்லது அதற்குப் பிந்தைய கம்பைலர் வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட், ரூபியிலும் மாறிப் பெயராக இரண்டும் ஓடிவிடுகின்றன.

கோ (Go) மொழி மட்டும் 'தி'யிலேயே நின்றுவிடுகிறது. பெயரில் எழுத்து, எண், அடிக்கோடு மட்டுமே வரலாம் என்பது அதன் விதி. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் தரமான யூனிகோடிலோ நம் உயிர்க்குறிகளும் புள்ளியும் எழுத்து வகையில் இல்லை, குறி வகையில் இருக்கின்றன. அதனால் 'பல', 'நட' ஓடும், 'படம்' ஓடாது. யூனிகோட் பெயர்களை அனுமதிக்கும் மொழிக்கு இது அரைகுறை வேலைதான். போதாக்குறைக்கு, பேக்கேஜுக்கு (கோடுத் தொகுப்புக்கு) வெளியே தெரிய வேண்டிய பெயர் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். தமிழில் பெரிய எழுத்துக்கு எங்கே போவது? ஸ்ட்ரக்டில் (பல மதிப்புகளைச் சேர்த்து வைக்கும் அமைப்பில்) 'பல' என்று ஃபீல்டு வைத்தால், ஜேசன் (JSON, தரவை எழுத்தாகப் பரிமாறும் வடிவம்) வெளியீட்டில் அது எரர் எதுவும் காட்டாமல் காணாமல் போகும். முன்னால் ஓர் ஆங்கிலப் பெரிய எழுத்தை ஒட்டினால் தெரியும். ரூபியில் கிளாஸ் பெயருக்கும் இதே கதி. அங்கே எரராவது வருகிறது.

உண்மையான தலைவலி 'கொ'. இதை க, ொ என்று இரண்டு குறியீடுகளாகவும், க, ெ, ா என்று மூன்றாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. பைத்தானும் ரஸ்ட்டும் பெயர்களை ஒரே வடிவுக்கு மாற்றிவிட்டுத்தான் ஒப்பிடுகின்றன. ஜாவாஸ்கிரிப்ட் மாற்றுவதில்லை, ஒரே பெயர் இரண்டு மாறிகளாகி, கண்ணெதிரே இருக்கும் மாறியை 'இல்லை' என்று ரெஃபரன்ஸ்எரர் தரும். சந்தேகம் வந்தால் 'கொ'வை ஸ்ட்ரிங்காக்கி (மேற்கோளுக்குள் வைத்து வெறும் எழுத்துத் தொடராக்கி) நீளம் பாருங்கள்: 2 வந்தால் சேர்ந்த வடிவம், 3 வந்தால் பிரிந்தது.

பைத்தானிலும் முழு நிம்மதி இல்லை. அது கோடில் (நிரல் வரிகளில்) உள்ள பெயரைத்தான் சீராக்கும், ஸ்ட்ரிங்கைத் தொடாது. ஸ்ட்ரிங்காகத் தரும் பெயரை வைத்து மதிப்பை எடுக்கும் கெட்அட்டருக்குப் (getattr) பிரிந்த வடிவில் பெயர் கொடுத்தால் அட்ரிபியூட்எரர்தான். யூனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸில் 'என்எஃப்கேசி' (NFKC) என்ற சீராக்கும் முறையைக் கொடுத்துச் சீராக்கிய பிறகே அனுப்ப வேண்டும்.

தமிழ் எண்கள் தனி வேடிக்கை. கோடில் ௧௨ என்று நேரடியாக எழுதினால் பைத்தான் மறுக்கும். ஸ்ட்ரிங்காக, எண்ணாக மாற்றும் இன்ட்டுக்குக் (int) கொடுத்தால் 12 வரும். பத்தைக் குறிக்கும் ௰ கொடுத்தால் வேல்யூஎரர், ஏனென்றால் யூனிகோடில் அது இலக்க வகையில் இல்லை. அதே வேலைக்கான ஜாவாஸ்கிரிப்டின் நம்பர் (Number) இரண்டுக்குமே 'எண் அல்ல' (NaN) என்றுதான் தருகிறது.